இசாமு இருக்காரா?

"என் புள்ளையத் தூக்கி எவனோ ஒருத்தன்கிட்ட குடுத்துட்டீங்க," என்றாள் மரகதவல்லி.

காஜா மாஸ்டர் காதிலிருந்து ஹெட்போனை எடுக்கவில்லை.

"காதுல விழுதா இல்லையா?"

"விழுதுக்கா. கதவைச் சாத்துங்க. ஏசி போகுது."

சாத்தினாள். சாத்திய வேகத்தில் சத்தம் அடக்கச் சுவரில் ஒட்டியிருந்த பஞ்சு அட்டை ஒன்று பிய்ந்து விழுந்தது.

மாஸ்டர் அட்டையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

*

சாலிகிராமத்தில் ஒரு மாடி. மாடியில் ஒரு டப்பிங் கூடம். ஜப்பானில் வரைந்து அனுப்புகிற கார்ட்டூன் தொடர்களுக்கு இங்கேதான் தமிழ்க் குரல் கொடுக்கிறார்கள்.

அப்படி வந்த தொடர்களில் ஒன்று "நெருப்புக் கொக்கு". அதில் ஒரு பையன், இசாமு. பன்னிரண்டு வயது. கையில் ஒடிந்த வாள். எவன் வந்தாலும் எதிர்த்து நிற்பான். அடி வாங்குவான். எழுந்து மறுபடியும் நிற்பான். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் முதுகுப் பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து பார்த்தது அவனைத்தான்.

அந்தப் பையனின் தொண்டை மரகதவல்லியுடையது.

அவளுக்கு நாற்பத்தேழு வயது. ஒன்பது வருஷம். நானூற்றுப் பதினோரு பகுதி.

ஒருதரம் சேனல்காரர்கள் ஏதோ விழாவுக்கு அவளை மேடையேற்றினார்கள். இதோ உங்கள் இசாமு என்றார்கள். முன்வரிசையில் ஒரு குழந்தை சேலை கட்டிய இந்த அம்மாளைப் பார்த்து ஓவென்று அழுதுவிட்டது. மரகதம் மேடைத் திரைக்குப் பின்னால் போய் நின்று, "அழாதே நண்பா, நான் இங்கேதான் இருக்கேன்!" என்றாள். அழுகை நின்றது. அன்றைக்கு அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாள்.

அது ஒரு காலம்.

*

தொழிலில் காஜா மாஸ்டர்தான் அவளுக்குக் குரு. வயதில் ஒன்பது வருஷம் இளையவர். அவள் அவரை மாஸ்டர் என்பாள். அவர் அவளை அக்கா என்பார்.

கூட்டத்தில் கத்துகிற நாலு பேரில் ஒருத்தியாக வந்தவளை மைக்குக்கு முன்னால் தனியாக நிறுத்தியது அவர்தான்.

முதல் நாள் அவர் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று.

"செருப்பை வெளியில விடுங்க. உங்க குரலையும் அங்கேயே விட்டுட்டு உள்ள வாங்க."

விட்டுவிட்டுப் போனாள்.

*

"ஹெட்போனைக் கழட்டுங்க மாஸ்டர். நான் பேசணும்."

கழற்றினார்.

"எவன் அவன்?"

"நல்ல பையன்க்கா. ரேடியோல இருந்து வர்றான்."

"அவன் நல்லவனா கெட்டவனான்னு கேட்டேனா? என் இடத்துல எப்படி நிப்பான்?"

"இசாமு வளர்ந்துட்டான்."

அது நிஜம். இந்தத் தொடருக்கு மூலம் ஒரு மங்கா, அதாவது ஜப்பான்காரர்களின் படக்கதை. அதை வாரா வாரம் வரைகிற மனிதர் போன வருஷம் ஒரு பக்கத்தில் இசாமுவைப் படகில் ஏற்றினார். அடுத்த பக்கத்தில் படகு கரைக்கு வந்தது. நடுவில் ஏழு வருஷம் ஓடியிருந்தது. இறங்கியவனுக்குத் தோள் அகன்றிருந்தது.

"ஒருத்தர் பேப்பரைத் திருப்புவாரு, எனக்கு வேலை போயிடுமா?"

"பத்தொம்பது வயசுப் பையனுக்கு ஆம்பளக் குரல் வேணும்னு சேனல்ல சொல்றாங்க."

"ஜப்பான்ல சொல்லலையே! அங்க அவனுக்கு இன்னைக்கும் ஒரு அம்மாதானே பேசுது? என்னைவிட பதினஞ்சு வயசு மூத்தது! அந்தம்மா பேசினா வீரன், நான் பேசினா குழந்தையா?"

மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் சொன்னது நியாயம்.

"சொல்லுங்க மாஸ்டர்!"

"அஞ்சு மணிக்குள்ள ரெண்டு குரல் அனுப்பச் சொல்லியிருக்காங்க. ஒண்ணு அந்தத் தம்பியோடது. பேசி வச்சாச்சு. இன்னொரு இடம் காலியா இருக்கு."

"எனக்குன்னு வச்சிருக்கீங்களா?"

"மணி நாலாகப் போகுது," என்றார் மாஸ்டர். "உள்ள போங்க."

*

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள். இந்தப் பக்கம் அவர். திரையில் இசாமு.

ஏழு வருஷம் கழித்துத் தன் பயிற்சிக்கூடத்துக்குத் திரும்பி வருகிறான். வாசலில் அவனுடைய மரவாளைப் பிடித்துக்கொண்டு வேறொருவன் நிற்கிறான். இசாமு அவனிடம் சொல்கிறான்:

"அது என்னோட இடம். விலகு."

இவ்வளவுதான் வசனம்.

"சத்தம் போட மாட்டான்க்கா. கோவம் உள்ளேயே இருக்கணும்."

"எனக்குச் சொல்றீங்களா கோவத்தைப் பத்தி?"

சிவப்பு விளக்கு எரிந்தது.

"அது என்னோட இடம். விலகு!"

"சின்னப் பையன் வந்துட்டான். இன்னொரு டேக்."

குரலை இறக்கினாள்.

"சளி பிடிச்ச சின்னப் பையன். இன்னொண்ணு."

நெஞ்சிலிருந்து பேசினாள்.

"பெரியப்பா சட்டையப் போட்டுக்கிட்ட சின்னப் பையன்."

"கிண்டலா?"

"இன்னொண்ணு போகலாம்."

போனார்கள். ஏழு. எட்டு. பதினொன்று. பிளாஸ்கிலிருந்த வெந்நீர் தீர்ந்துபோனது. மணி நாலரை.

பன்னிரண்டாவது டேக்கில் அவள் வசனத்தைச் சொல்லவே இல்லை. தாளைச் சுருட்டிக் கண்ணாடி மேல் எறிந்தாள்.

"வேணும்னே பண்றீங்க! அவனுக்குக் குடுக்கணும்னு முடிவு பண்ணிட்டு என்னை நிக்க வச்சு வேடிக்கை பாக்கறீங்க!"

மாஸ்டர் இந்தப் பக்கத்து மைக்கை அழுத்தினார்.

"அக்கா, இப்ப கோவப்பட்டது யாரு?"

"நான்தான்!"

"எனக்குக் கேட்டது இசாமு குரல்."

அவள் வாய் திறந்தபடி நின்றாள்.

பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"வீட்லயும் அதையேதான் சொல்றாங்க."

*

போன வாரம் நடந்தது அது.

அவளுடைய அம்மா கொடுத்த பீரோ ஒன்று வீட்டில் இருந்தது. கதவில் கண்ணாடி வைத்தது. அவள் ரெக்கார்டிங் முடிந்து வீட்டுக்குப் போனால் பீரோவைக் காணோம். நின்ற இடத்தில் நாலு கால் தடம் மட்டும் இருந்தது. அவள் சேலைகள் கட்டிலில் குவிந்து கிடந்தன.

புருஷன் தாமோதரன் தன் தங்கை வீட்டுக்கு ஏற்றி அனுப்பியிருந்தார். இவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மரகதம் கத்தினாள்.

"கத்தினேன் மாஸ்டர். உயிர் போற மாதிரி கத்தினேன். அவரு என் பையனைப் பார்த்து, 'இசாமு வந்துட்டான்டா, டிவியை அமத்து'ங்கிறாரு. பையன் சிரிக்கிறான். அவரும் சிரிக்கிறாரு. நான் இன்னும் கத்தறேன். இன்னும் சிரிக்கிறாங்க."

மாஸ்டர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"போன் பண்ணினாகூட 'இசாமு இருக்காரா'ன்னுதான் ஆரம்பிப்பாரு. ஒன்பது வருஷமா அதே ஜோக்கு. பீரோ போன அன்னைக்கு மறுநாளும் அதேதான்."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"இருக்கேன், சொல்லுங்கன்னு சொல்வேன். வேற என்ன சொல்ல?"

கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. துடைத்துக்கொள்ள அங்கே கண்ணீர் இல்லை. கழுத்து நரம்பு மட்டும் புடைத்திருந்தது.

"அங்க அந்தாளு என் பீரோவைக் குடுத்தாரு. இங்க நீங்க என் புள்ளையைக் குடுக்கறீங்க. எல்லாத்துக்கும் நீங்கதான் காரணம் மாஸ்டர். குரலை வெளியில விடுன்னு சொன்னது நீங்கதானே?"

"விடச் சொன்னேன்," என்றார் மாஸ்டர். "வீட்டுக்குப் போகும்போது செருப்பை மட்டும் மாட்டிட்டுப் போனா நான் என்ன பண்ண?"

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

மாஸ்டர் எழுந்தார். கதவைத் திறந்து வெளியே போனார்.

*

போனவர் திரும்பி வந்தபோது கையில் ஒரு ஜோடி செருப்பு இருந்தது.

அவளுடைய செருப்பு. பழுப்பு நிறம். இடது கால் வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்தது.

"ஐயோ, கையில எடுக்காதீங்க மாஸ்டர்!"

அவர் கேட்கவில்லை. உள் கதவைத் திறந்து வந்தார். மைக்குக்கு நேர் கீழே, விரிப்பின் மேல், செருப்பை ஒன்றை ஒட்டி ஒன்றாக வைத்தார்.

"போடுங்க."

"உள்ள செருப்பு போடக் கூடாதுன்னு போர்டு இருக்கு."

"போர்டு நான் எழுதினது."

"மைக்ல சத்தம் விழும்."

"விழட்டும்."

போட்டுக்கொண்டாள். ஒன்பது வருஷத்தில் அந்த விரிப்பின் மேல் அவள் செருப்பு பட்டது அன்றைக்குத்தான்.

மாஸ்டர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"திட்டுங்க."

"யாரை?"

"யாரைத் திட்டணுமோ அவங்களை."

"வசனம்?"

"வசனம் இல்லை."

*

"என்ன நெனச்சிட்டு இருக்கீங்க நீங்க எல்லாரும்..." என்று தொடங்கினாள்.

இசாமு குரல் இன்னும் போகவில்லை என்று மாஸ்டர் தலையை ஆட்டினார். அவன்தான்.

"நான் என்ன உங்களுக்கு..."

தலை ஆடியது. அவன்தான்.

"இப்படியே தலைய ஆட்டிக்கிட்டு..."

தலை ஆடியது.

அவள் காலை ஓங்கித் தரையில் மிதித்தாள். செருப்பு பளீரென்று அறைந்தது. ஊக்கு தெறித்து எங்கோ விழுந்தது.

அப்புறம் வந்தது.

"ஏய்யா காஜா! என்னய்யா தலைய ஆட்டிக்கிட்டே இருக்க? பொம்மையா நீ?"

அந்தக் கூடத்தில் அவரை இதுவரைக்கும் யாரும் பேர் சொல்லி ஒருமையில் அழைத்ததில்லை. அவர் அசையவில்லை.

"ஒம்பது வருசம்யா! அந்தப் பய மலையிலருந்து விழுந்தா நான் விழுந்தேன். அவன் அடி வாங்குனா நான் அடி வாங்குனேன். ஒருநா தொண்டையில ரத்தம் வந்துச்சு. வெந்நியக் குடிச்சுப்புட்டு மறுநா வந்து நின்னேன்ல? ஏன்னு ஒருத்தராச்சும் கேட்டீகளா? சின்னப் பயலா இருந்தப்ப பொம்பளக் குரல் இனிச்சுச்சு. தோளு வந்ததும் கசக்குதாக்கும்? இவய்ங்களுக்கு அளந்து அளந்து நான் வாயத் தொறக்கணும், அளந்து அளந்து மூடணும். படத்துல வாய மூடுனா நானும் மூடிக்கிறணும். வீட்டுக்குப் போனாலும் மூடிக்கிறணும். எங்காத்தா குடுத்த பீரோய்யா அது! எங்காத்தாவுக்குச் சும்மாவா வந்துச்சு? மூணு வருசம் தீப்பெட்டி ஒட்டி வாங்குச்சு! அத எங்கிட்ட கேக்காமத் தூக்கிக் குடுக்க நீ யாரு? நான் செத்தாபோனேன்? கண்ணு முன்னால கல்லு மாதிரி நிக்கிறேன்ல? சிரிக்கிறியாக்கும்? சிரி. எம்புட்டு நேரம் சிரிக்கிறன்னு பாக்குறேன். அந்த பீரோ நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள அது நின்ன எடத்துல வந்து நிக்கணும். நின்ன எடத்துல! அம்புட்டுத்தேன்."

நின்றது.

திருமங்கலத்துக்குத் தெற்கே ஒரு ஊர் அவளுக்கு. அந்த ஊர்ப் பேச்சு அந்தக் கூடத்துக்குள் ஒருநாளும் வந்ததில்லை. பிள்ளைகளுக்குப் புரியாது என்று தொடக்கத்திலேயே அதையும் விடச் சொல்லியிருந்தார்கள்.

அவள் மூச்சு மட்டும் மைக்கில் கேட்டுக்கொண்டிருந்தது.

மாஸ்டர் ரெக்கார்டிங்கை நிறுத்தினார்.

*

"கேளுங்க," என்றார்.

திரையில் படத்தை ஓட்டினார். அதன் மேல் அவள் குரலைப் போட்டார்.

இந்த வகைப் படத்தில் வாய்க்கு மூன்றே படம்தான். மூடியது, பாதி திறந்தது, முழுக்கத் திறந்தது. இசாமு பயிற்சிக்கூடத்து வாசலில் வந்து நின்றான். வாய் ஏழுதரம் திறந்தது. ஏழுதரம் மூடியது. அவ்வளவுதான், அவன் பேச்சு முடிந்துவிட்டது.

குரல் முடியவில்லை.

இசாமு வாயை மூடிக்கொண்டு நின்றான். காற்று அவன் தலைமுடியைக் கலைத்தது. குரல் போய்க்கொண்டே இருந்தது. மரவாள் பிடித்த மற்றவனும் வாயை மூடிக்கொண்டு நின்றான். படம் முடிந்து திரை கறுத்தது. கறுத்த பிறகும் குரல் போனது. கனத்த குரல். ஓரத்தில் கொஞ்சம் கரகரப்பு.

யாருடைய குரல் என்று முதலில் அவளுக்குப் பிடிபடவில்லை.

நின்ன எடத்துல! அம்புட்டுத்தேன்.

ஒன்பது வருஷப் பழக்கம் சும்மா விடுமா? ஹெட்போனைக் காதிலிருந்து இறக்கிவிட்டுச் சொன்னாள்:

"சிங்க் ஆகலை மாஸ்டர். வாய்க்குப் பொருந்தலை."

"யார் வாய்க்கு?" என்றார் மாஸ்டர்.

அவளுக்கு முன்னால் கண்ணாடி. கண்ணாடியில் அவள் முகம். வாய் பாதி திறந்திருந்தது.

*

ஐந்துக்குப் பத்து நிமிஷம்.

"எந்த டேக்கை அனுப்பட்டும் அக்கா?"

அவள் பதில் சொல்லுமுன் நாற்காலியில் கிடந்த கைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். தாமோதரன்.

மாஸ்டரைப் பார்த்தாள்.

எடுங்க என்று கையைக் காட்டினார்.

செருப்பைக் கழற்றாமல் மைக்குக்குப் பக்கத்திலேயே நின்று எடுத்தாள். மைக் இன்னும் திறந்துதான் இருந்தது. மாஸ்டருக்கு ஹெட்போனில் இரண்டு பக்கமும் கேட்டது.

"ஹலோ!" அந்தப் பக்கம் சிரிப்பு. "இசாமு இருக்காரா?"

"இல்ல," என்றாள்.

சிரிப்பு பாதியில் நின்றது.

"ஹலோ... யாருங்க பேசறது?"